முகம், பெயர், ஊர்: ஸனேலே முஹோலியின் ஒளிப்படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒளிப்பட வகுப்புகளில் தென்னாப்பிரிக்கக் கலைஞர் ஸனேலே முஹோலியின் படங்களைத் திரையில் போட்டுக் காட்டுவது என் வழக்கம். கறுப்பினத்துத் தன்பாலீர்ப்புப் பெண்கள், திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருபவர் அவர். விளக்கைப் போட்டதும் வரும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றுதான். சிலவற்றை எல்லார் முன்னிலையிலும் கேட்பார்கள். சிலவற்றை, செருப்பை மாட்டிக்கொண்டே தணிந்த குரலில் கேட்பார்கள். இரண்டு வகையும் இங்கே இருக்கின்றன.

முஹோலி யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1972-ல் டர்பன் நகரை ஒட்டிய உம்லாசியில் பிறந்தவர். கறுப்பின மக்களை நகரத்துக்கு வெளியே ஒதுக்கிவைக்க நிறவெறி அரசு அமைத்த குடியிருப்புகளில் ஒன்று அது. பக்கத்திலேயே இருக்கும் சாட்ஸ்வொர்த், அதே அரசு இந்திய வம்சாவளியினரைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம். அங்கே தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வெள்ளையர் பகுதிக்கும் உம்லாசிக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர்போல நம்மவர்களை வைத்தார்கள் என்பதை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

தந்தை மலாவியிலிருந்து வந்தவர், முஹோலி கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். தாய் பெஸ்டர் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் பல பத்தாண்டுகள் வீட்டுவேலை செய்தவர். இந்தத் தாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

ஜோகன்னஸ்பர்க்கில் ஒளிப்படக் கலைஞர் டேவிட் கோல்ட்பிளாட் 1989-ல் தொடங்கிய ஒளிப்படப் பள்ளியான மார்க்கெட் ஃபோட்டோ வொர்க்‌ஷாப்பில் படித்து 2003-ல் முடித்தார். அதற்கு முந்தைய ஆண்டே கறுப்பினத்துத் தன்பாலீர்ப்புப் பெண்களுக்கான ஓர் அமைப்பைச் சிலரோடு சேர்ந்து தொடங்கிவிட்டார். களப்பணியில் தாக்கப்பட்ட பெண்களின் வாக்குமூலங்களைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டவர், பிறகு கேமராவோடு போனார். அதனால்தான் தன்னைக் கலைஞர் என்பதைவிடக் ‘காட்சிவழிச் செயற்பாட்டாளர்’ என்று சொல்லிக்கொள்ள விரும்புகிறார்.

அவனா, அவளா? எப்படிக் குறிப்பிடுவது?

ஆண், பெண் என்ற இரண்டுக்குள் முஹோலி தன்னை அடைத்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இதற்காகப் பன்மைச் சொல்லைப் போட்டுப் படாதபாடு படுகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லையே இல்லை, ‘அவர்’ போதும். அவருடைய தாய்மொழியான ஸூலுவிலும் படர்க்கைச் சுட்டுப்பெயரில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. இலக்கணத்தில் பாலே பார்க்காத மொழியைப் பேசும் தெருவில் இத்தனை வன்முறை நடக்கிறதே என்று நான் யோசிப்பதுண்டு. அது வேறு கதை.

தென்னாப்பிரிக்காவில்தான் சட்டமே பாதுகாப்புக் கொடுத்துவிட்டதே, இன்னும் என்ன போராட்டம்?

கொடுத்துவிட்டது உண்மை. 1996 அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவு, பாலின ஈர்ப்பின் அடிப்படையில் யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்று பெயர்சொல்லியே தடுக்கிறது. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய பழைய சட்டத்தை 1998-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் தூக்கி எறிந்தது. 2006 நவம்பரில் தன்பாலினத் திருமணம் சட்டமானது. ஆப்பிரிக்காவில் முதல் நாடு, உலகில் ஐந்தாவது.

அதே 2006, பிப்ரவரி. கேப் டவுனை அடுத்த கயலிட்ஷாவில் சோலிஸ்வா ந்கொன்யானா என்ற 19 வயதுப் பெண்ணை, தன்பாலீர்ப்பு உடையவர் என்பதற்காக, இளைஞர் கும்பல் ஒன்று அவர் வீட்டருகிலேயே அடித்துக் கொன்றது. குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்க 2012 ஆகிவிட்டது. வழக்கு இழுத்தது ஆறு ஆண்டு. 2008-ல் க்வாதேமாவில் யூடி சிமெலானே கொல்லப்பட்டார். நாட்டின் பெண்கள் கால்பந்து அணிக்கே ஆடியவர். ‘உன்னைத் திருத்துகிறோம்’ என்று சொல்லிச் செய்யும் பாலியல் வன்கொடுமைக்கு அந்த நாட்டில் தனிப் பெயரே உண்டு. செய்தித்தாள்களும் அந்தப் பெயரைக் கூச்சமில்லாமல் எழுதின, ஏதோ மருத்துவச் சிகிச்சை மாதிரி.

முஹோலி ‘முகங்களும் கட்டங்களும்’ என்று பொருள்படும் தன் நெடுந்தொடரைத் தொடங்கியதும் அதே 2006-ல்தான். ஒரே ஆண்டில் ஒரு கொலை, ஒரு சட்டம், ஒரு படத்தொடர். சட்டப் புத்தகத்துக்கும் தெருமுனைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில் நின்று எடுத்த படங்கள் என்று இவற்றைப் பார்த்தால் பாதி புரிந்துவிடும்.

ஒருவர் நேராக நிற்கிறார், கேமராவைப் பார்க்கிறார். பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கிறது. இதில் என்ன போராட்டம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கேட்பவர் குறை சொல்வதாக நினைத்துக்கொண்டு சரியான இடத்தில் விரலை வைத்துவிடுகிறார்.

நிறவெறி ஆட்சியில் 16 வயதைக் கடந்த ஒவ்வொரு கறுப்பினத்தவரும் ஒரு கடவுப் புத்தகத்தை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். ‘டொம்பாஸ்’ என்று அதை வெறுப்போடு சொல்வார்கள், மூடச்சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே முகம், பெயர், எந்த ஊரில் இருக்க அனுமதி என்ற விவரம். காவலர் கேட்கும்போது கையில் இல்லையென்றால் சிறை. அந்தப் புத்தகத்தைப் பெண்கள் மீதும் திணிக்கப் பார்த்தபோது 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவுக்கு ஊர்வலம் போனார்கள். 1960 மார்ச்சில் ஷார்ப்வில்லில் கடவுச்சீட்டுக்கு எதிராகக் கூடியவர்களைச் சுட்டதில் 69 பேர் செத்தார்கள். இந்த வகைச் சீட்டின் கசப்பு அங்கிருந்த தமிழர்களுக்கும் தெரியாததல்ல. ஆசியர்களுக்கென்று கொண்டுவந்த பதிவுச் சீட்டுகளை 1908-ல் காந்தி தலைமையில் ஜோகன்னஸ்பர்க்கில் கொளுத்தியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள்.

ஒளிப்படக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: இந்தப் புத்தகங்களுக்கான படங்களை எடுக்கப் போலராய்டு நிறுவனத்தின் உடனடிப் படக்கருவி பயன்பட்டது. அமெரிக்காவில் அதே நிறுவனத்தில் வேலைபார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பின ஊழியர்கள் 1970-ல் இதைக் கண்டுபிடித்து எதிர்ப்பு இயக்கம் தொடங்கினார்கள். 1977-ல் நிறுவனம் தென்னாப்பிரிக்காவைவிட்டு வெளியேறியது.

இப்போது முஹோலியின் படத்துக்கு வாருங்கள். முகம் நேராக, கண் நம்மை நோக்கி. படத்தின் தலைப்பில் பெயர், ஊர், ஆண்டு. முகம், பெயர், ஊர்: கடவுப் புத்தகத்தில் இருந்த அதே மூன்று விவரங்கள்தான்! ஆனால் உடையைத் தேர்ந்தவர் நிற்பவர். எங்கே நிற்பது என்பதும் அவர் முடிவு. படத்தில் இருப்பவர்களை முஹோலி ‘பங்கேற்பாளர்கள்’ என்றே அழைக்கிறார். காவலரிடம் நீட்டுவதற்காக எடுத்த வடிவத்தை எடுத்து, ‘நான் இங்கேதான் இருக்கிறேன், என் பெயர் இது’ என்று தானே சொல்லிக்கொள்ளும் சீட்டாக மாற்றிவிட்டார். இது என் வாசிப்பு. நீங்கள் வேறுவிதமாகவும் படிக்கலாம்.

‘கட்டங்கள்’ என்றால்?

ஒருவரையே சில ஆண்டு கழித்து மறுபடி எடுக்கிறார். அதற்குள் முடி மாறியிருக்கும், சிலருக்குப் பெயரும் பாலினமும்கூட மாறியிருக்கும். தொடரின் முதல் படம் பூசி சிகாசா என்ற கவிஞருடையது. வன்கொடுமைக்கு ஆளானவர், எச்ஐவியோடு வாழ்ந்தவர். படமெடுத்த மறு ஆண்டே, 2007-ல், இறந்துவிட்டார். அவருக்கு அடுத்த கட்டம் வரவில்லை.

கண்காட்சிகளில் இந்தப் படங்களை வரிசை வரிசையாகச் சுவர் முழுக்க அடுக்குவார்கள். நடுநடுவே சில படச் சட்டகங்களின் இடம் காலியாக இருக்கும். இறந்தவர்கள், விலகிப் போனவர்கள், இன்னும் எடுக்கப்படாதவர்கள் ஆகியோருக்கான இடம் அது. எது யாருக்கான காலியிடம் என்று சுவர் சொல்லாது. தொடரில் இப்போது 500-க்கும் மேற்பட்ட முகங்கள்.

ஏன் கறுப்பு வெள்ளை?

வண்ணம் இருந்தால் கண் சட்டைக்குப் போகும். இல்லாவிட்டால் முகத்துக்குப் போகும். பழைய ஆவணப் படங்களின் கனமும் வந்துவிடுகிறது. திருநங்கையரை எடுத்த ‘துணிச்சலான அழகிகள்’ தொடரில் வண்ணப் படங்களும் உண்டு, ஆகவே இதை ஒரு விதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

முகத்தையும் பெயரையும் காட்டினால் அவர்களுக்குத்தானே ஆபத்து?

ஆபத்துதான். மழுப்பிப் பயனில்லை.

முஹோலியின் தொடக்ககாலப் படங்களைப் பாருங்கள். 2004-ல் ஜோகன்னஸ்பர்க் கலைக்கூடத்தில் வைத்த முதல் தனிக் கண்காட்சியில் பெரும்பாலும் முகமே கிடையாது. ஒரு படத்தில் இடுப்புக்குக் கீழே மட்டும் தெரிகிறது, முன்னால் கோத்த கைகள், தொடையில் நீண்ட தழும்பு. இன்னொன்றில் மருத்துவமனைப் பட்டை கட்டிய கை. தாக்கப்பட்டுப் பிழைத்தவர்களை அடையாளம் தெரியாமல் காப்பதற்காக அப்படி எடுத்தார். அந்தக் கண்காட்சியின் தலைப்புக்கே ‘பாதிப் படம்தான்’ என்று பொருள்.

ஆனால் முகமில்லாத படத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பார்ப்பவருக்கு அது ‘பாவம், ஒரு பெண்’ ஆகிவிடுகிறது. காயம் மட்டும் மிஞ்சுகிறது, ஆள் மறைந்துவிடுகிறார். அதனால்தான் 2006-லிருந்து, சம்மதித்தவர்களை மட்டும், முகத்தோடும் பெயரோடும், காயத்தைத் தேடாமல் எடுக்கத் தொடங்கினார். முதல் வகைப் படம் தவறு, இரண்டாவது சரி என்று நான் சொல்லமாட்டேன். இரண்டும் தேவைப்பட்ட காலங்கள் இருந்தன.

எதிர்த் திசையில் ஒன்று. 2010 அக்டோபரில் உகாண்டாவில் ஒரு வாரப் பத்திரிகை தன்பாலீர்ப்பாளர்கள் என்று சொல்லி ஒரு பட்டியலை வெளியிட்டது. படம், பெயர், இருப்பிடம், கூடவே ‘தூக்கிலிடு’ என்ற வரி. பட்டியலில் இருந்த செயற்பாட்டாளர் டேவிட் கட்டோ மற்ற இருவரோடு சேர்ந்து வழக்குப் போட்டு 2011 ஜனவரி தொடக்கத்தில் வென்றார். அந்த மாதம் முடிவதற்குள் தன் வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். அதே முகம், பெயர், ஊர். கேட்டு எடுத்தால் சாட்சி, கேட்காமல் போட்டால் கொலைக்கு முகவரி. மாணவர்களிடம் இந்த இரண்டையும் அடுத்தடுத்துத்தான் காட்டுவேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசாது.

ஓர் அமைச்சர் கண்காட்சியைவிட்டு வெளியேறியதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா?

ஆம். 2009 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கின் கான்ஸ்டிடியூஷன் ஹில்லில் கறுப்பினப் பெண் கலைஞர்களின் கண்காட்சி. தொடங்கிவைக்க வந்த கலை, பண்பாட்டு அமைச்சர் லுலு ஸிங்வானா பேசாமலே திரும்பிப் போய்விட்டார். மறு ஆண்டு செய்தி வெடித்தபோது, அந்தப் படங்கள் ஒழுக்கக்கேடானவை, தேசத்தைக் கட்டியெழுப்புவதற்கு எதிரானவை என்று சொன்னதாகப் பதிவாயிற்று. முஹோலியின் படங்களில் இருந்ததென்னவோ, இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் அணைத்துக்கொண்டிருப்பது.

நடந்த இடத்தைக் கவனியுங்கள். கான்ஸ்டிடியூஷன் ஹில் ஒரு காலத்தில் சிறை, காந்தியும் மண்டேலாவும் அடைபட்ட இடம். இப்போது அங்கேதான் அரசியலமைப்பு நீதிமன்றம் இருக்கிறது, தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்று சொன்ன அதே நீதிமன்றம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம், ஆப்பிரிக்கப் பண்பாடு இல்லை என்கிறார்களே?

வெள்ளைக்காரர் கொண்டுவந்தது தண்டனையை. தென்னாப்பிரிக்காவில் இருந்த தடை டச்சுக்காரர்களோடு வந்த ரோமன்-டச்சு சட்டத்தின் மிச்சம். உகாண்டாவின் தண்டனைச் சட்டம் பிரிட்டிஷ் ஆட்சி எழுதியது, தன்பாலுறவைக் குற்றமாக்கிய நம்மூர் 377-ஆம் பிரிவுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி முறை.

கறுப்பினத்தவரிடையே இந்த அரசியல் எப்போதிலிருந்து என்று கேட்டால் சைமன் ந்கோலியைச் சொல்லாமல் இருக்க முடியாது. நிறவெறிக்கு எதிராகப் போராடி 1984-ல் கைதாகி, டெல்மாஸ் தேசத்துரோக வழக்கில் சிறையில் இருந்தவர். தான் ஓர் ஆணை நேசிப்பவன் என்பதைச் சக கைதிகளிடம் அங்கேயே சொன்னார். தோழர்கள் சிலர் முகம் சுளித்தார்கள், பிறகு மெல்ல மாறினார்கள். வெளியே வந்து, பெவர்லி டிட்ஸி முதலானவர்களோடு சேர்ந்து 1990 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கில் தன்பாலீர்ப்பாளர்களின் முதல் பெருமித ஊர்வலத்தை நடத்தினார். அன்று சிலர் தலையில் காகிதப் பையைக் கவிழ்த்துக்கொண்டு நடந்தார்கள். முகம் தெரிந்தால் வேலை போய்விடும். பதினாறு ஆண்டு கழித்து முஹோலி எடுக்கத் தொடங்கிய முகங்களை அந்தக் காகிதப் பைகளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தன்னையே எடுத்துக்கொண்ட படங்களில் ஏன் தோல் அவ்வளவு கருப்பு? நிஜமாகவே அப்படியா?

இல்லை. படம் எடுத்த பிறகு ஒளி-நிழல் வேறுபாட்டைக் கூட்டிக் கூட்டி அப்படிக் கொண்டுவருகிறார். ‘சொம்ந்யாமா ந்கொன்யாமா’ என்ற தொடர், ‘கரிய பெண்சிங்கமே வாழ்க’ என்று சொல்லலாம். முகத்தை வெளுப்பாக்கிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நம் ஸ்டுடியோக்காரர்கள் யாராவது பார்த்தால் கையைப் பிசைவார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது 2015-ல் எடுத்த ‘பெஸ்டர்’. துணி காயப்போடும் மரக் கிளிப்புகளைத் தலைமுடி நிறையக் கிரீடம்போலச் செருகியிருக்கிறார், காதிலும் கிளிப்புகள் தொங்குகின்றன. பெஸ்டர் யாரென்று முன்பே சொன்னேன். ஊரான் வீட்டுத் துணியைத் துவைத்துக் காயப்போட்ட அம்மாவுக்கு மகுடம். அம்மா இறந்து சில ஆண்டுகளாகியிருந்தன. இன்னொரு படத்தில் சுரங்கத் தொழிலாளியின் தலைக்கவசமும் கண்ணாடியும். 2012-ல் மரிக்கானாவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்கள் 34 பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றதன் நினைவு அது. வீட்டுச் சாமானும் வேலைத்தளச் சாமானும்தான் நகை.

அவருடைய படங்கள் திருடுபோனதாமே?

2012 ஏப்ரலில் கேப் டவுன் வீட்டுக்குள் புகுந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏறக்குறைய ஐந்தாண்டு உழைப்பு. அந்த வட்டுகளில் வெறுப்புக்கொலையில் இறந்தவர்களின் இறுதிச் சடங்குப் படங்களும் இருந்தன. விலையுயர்ந்த மற்ற பொருள்களை அதிகம் தொடாமல் இவற்றையே எடுத்துப்போனதால், குறிவைத்து நடந்தது என்று பலர் சந்தேகப்பட்டார்கள். போனது போனதுதான். தொடரை நிறுத்தவில்லை.

படம் லண்டன் அருங்காட்சியகத்தில் தொங்கினால் உம்லாசிக்காரருக்கு என்ன லாபம்?

நியாயமான கேள்வி, முழு விடை என்னிடம் இல்லை. முஹோலி 2013-ல் வெனிஸ் சர்வதேசக் கலைக் கண்காட்சியின் தென்னாப்பிரிக்க அரங்கில் இடம்பெற்றார். 2020 கடைசியில் லண்டன் டேட் மாடர்னில் அமைந்த பெரிய கண்காட்சி ஊரடங்கில் அகப்பட்டுக்கொள்ள, 2024-ல் அதே இடத்தில் மறுபடி வைத்தார்கள். விலை ஏறியது, வாங்கியவர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள். படத்தில் நிற்பவர் அதே தெருவில்தான் இருக்கிறார்.

மறுபக்கத்தில், 2009-ல் அவர் தொடங்கிய ‘இன்கன்யிசோ’வைச் சொல்ல வேண்டும். ஸூலுவில் வெளிச்சம் தருவது என்று பொருள். குயர் (வழக்கமான ஆண்-பெண் வரையறைக்குள் அடங்காத) இளைஞர்களுக்குக் கேமராவும் எழுத்தும் கற்றுக்கொடுத்து, திருமணம், இறுதிச் சடங்கு, நீதிமன்ற வழக்கு என்று தங்கள் ஆட்களின் செய்தியைத் தாங்களே பதிவுசெய்ய வைத்தது அது. ஒரு கலைஞர் புகழடைவதைவிட, அவர் கையிலிருந்து கேமரா எத்தனை பேருக்குக் கைமாறியது என்பதை வைத்து அளந்தால் எனக்கு மனம் சமாதானமாகிறது. ஏற்காதவர்களும் உண்டு.

இவரைப் போல வேறு யார்?

நைஜீரியாவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ரோத்திமி ஃபானி-கயோடே முதலில் வருபவர். அந்நாட்டு யொருபா மக்களின் வழிபாட்டு அடையாளங்களையும் ஆண் உடலையும் சேர்த்து எடுத்தவர், 1989-ல் 34 வயதில் இறந்தார். கறுப்பின ஒளிப்படக்காரர்களுக்காக 1988-ல் ‘ஆட்டோகிராஃப்’ என்ற அமைப்பு உருவானபோது அவரும், டெல்லியில் பிறந்த சுனில் குப்தாவும் தொடங்கியவர்களில் இருந்தார்கள். 2017-ல் முஹோலியின் ‘கரிய பெண்சிங்கம்’ தொடரை லண்டனில் வைத்ததும் அதே ஆட்டோகிராஃப்தான்.

தென்னாப்பிரிக்காவிலேயே சபேலோ ம்லாங்கெனி இருக்கிறார். முஹோலி படித்த அதே பள்ளி. ‘நாட்டுப்புறப் பெண்கள்’ என்ற பொருளில் அவர் பெயர்வைத்த தொடர், சிற்றூர்களில் வாழும் தன்பாலீர்ப்பு ஆண்களைப் பற்றியது. முடி திருத்துகிறார்கள், அழகிப்போட்டிக்குத் தயாராகிறார்கள், ரோட்டில் நின்று சிரிக்கிறார்கள். முஹோலியின் படங்கள் நம்மை நிறுத்திவைத்துப் பார்க்கும், இவருடையவை தோளில் கைபோட்டுக்கொள்ளும்.

நானும் இப்படி எடுக்க ஆசைப்படுகிறேன். எதிலிருந்து தொடங்க?

கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முஹோலி முதலில் கேட்டார், எழுதினார், அமைப்பில் வேலை செய்தார், அதற்குப் பின்தான் எடுத்தார்.

சம்மதம் ஒருமுறை வாங்கிப் பூட்டிவைக்கிற காகிதமல்ல. இன்று சரி என்றவர் நாளை வீட்டில் பெண்பார்க்க வரும்போது, வேலை மாறும்போது, வேண்டாம் என்பார். அன்றைக்கே அந்தப் படத்தை நீக்கிவிட வேண்டும். எங்கே போடப்போகிறீர்கள் என்பதைத் தனித்தனியாகக் கேளுங்கள்: சுவரில் மாட்டுவது வேறு, அச்சில் போடுவது வேறு, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் இடத்தில் போடுவது முற்றிலும் வேறு. ஃபோனில் எடுத்தால் படக்கோப்புக்குள் எடுத்த இடத்தின் விவரமும் பதிவாகியிருக்கும், அதை நீக்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். படங்களை இரண்டு வட்டுகளில் வையுங்கள். இரண்டையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள்.

எடுத்த படத்தின் ஒரு பிரதியை அவர் கையில் முதலில் கொடுங்கள். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் மறுபடி போய் எடுங்கள்.